பொறிவல்லார் பாரி தாமஸ்

பழைமையும் அழகும் வாய்ந்த மோட்டார் வண்டியொன்று ஒருவர் கைக்கு வந்து சேர்கின்றதென்று வைத்துக்கொள்வோம். அதன் மேற்கூடு உறுதியாயிருக்கின்றது, சக்கரங்களும் செம்மையாயிருக்கின்றன, எஞ்சின் மட்டும் தேய்ந்து ஓய்ந்துவிட்டது. அவ்வெஞ்சினையே பிரித்துப் பழுதுபார்த்து, வண்டி பிறந்த நாளில் இருந்தவாறே காப்பாற்றுவதா? அன்றி, அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வலிமை மிக்க வேறோர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டுவதா? பழைய வண்டிகளைப் போற்றுவோரிடையே இதுபற்றி ஓயாத வழக்கு நிகழ்ந்து வருகின்றது. ஒரு சாரார், எஞ்சினை மாற்றிய வண்டி முன்னைய வண்டியே அன்று, அதன் தோலைப் போர்த்த வேறொன்றே என்பர். மற்றொரு சாரார், வண்டி ஓடுவதற்கென்று பிறந்தது, ஓடாது நிற்கும் உண்மையினும் ஓடுகின்ற மாற்றமே மேல் என்பர்.

இவ்வழக்கில் நடுநின்று தீர்ப்புச் சொல்லுவது எளிதன்று. ஆயினும் இவ்விரு கட்சியிலும் தம் வாழ்நாளிலேயே நின்று பார்த்த பொறிவல்லார் ஒருவர் இருந்தார். முதலிற் பிறர் கை படாத வண்டியொன்றை அடிமுதல் முடிவரை தாமே வகுத்தவர் அவர். எஞ்சின் மாற்றிய வண்டியொன்றை அதனாலேயே வென்றவர். பின்னர்ப் பிறர் கட்டிய மாற்றெஞ்சின் வண்டியொன்றைத் தாமே வாங்கி, அதன்மீது உலகப் புகழ் பெற்று, அதன்மீதே உயிர் துறந்தவர். ஜான் காட்பிரே பாரி தாமஸ் என்னும் அன்னாரது சரிதத்தைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பாரி தாமஸ் 1884ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 6ஆம் தேதி வேல்ஸ் நாட்டின் வடபாலுள்ள ரெக்ஸம் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையார் திருச்சபைக் குருவானவர். மைந்தர் இளம்பருவத்தினராயிருந்தபோதே குடும்பம் இங்கிலாந்தின் எல்லைப்புறத்து ஆஸ்வெஸ்ட்ரி நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்நகரத்துப் பழைய பள்ளியிற் கல்வி பயின்றபின் அவர் இலண்டன் சென்று, சிற்றி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியிற் பொறியியல் கற்றார். குருவின் இல்லத்திற் பிறந்த மைந்தருக்கு உள்ளம் சென்றது பட்டறையினிடத்து. எதையும் நூலளவிற் கற்று நிறுத்தாமல், கையாற் செய்து காணும் விருப்பம் அவருக்கு இளமையிலேயே வேரூன்றியிருந்தது.

மோட்டார் வண்டிகளிற் கியர்ப்பெட்டியை இயக்குவது மிக்க கடினமாயிருந்த காலம் அது. எஞ்சினது ஆற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்ல மின்சாரத்தைத் துணைகொள்ளும் முறையொன்றைப் பாரி தாமஸ் கண்டு, அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். இங்கே நாம் ஒன்றைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். ஆற்றலை உண்டாக்குவது ஒரு கலை. உண்டான ஆற்றலை நிலத்துக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு கலை. முன்னதில் மயங்குவோர் பலர். பின்னதில் மனம் செலுத்துவோர் சிலர். தாமஸ் தம் தொழிலைத் தொடங்கியது இப்பின்னைய கலையிலேயாம். அவருடைய முடிவு நேர்ந்ததும் இக்கலையைப் பற்றியே என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதல் உலகப்போர்க் காலத்தில் அவர் லங்காஷயரிலுள்ள லேலண்ட் மோட்டார் கம்பெனியின் தலைமைப் பொறியாளரானார். அக்கம்பெனியார் சுமைவண்டிகள் கட்டுவதிற் பேர்பெற்றவர். போர் முடிந்ததும், செல்வர்க்குரிய சிறந்த வண்டியொன்றும் கட்டவேண்டுமென்று விரும்பி, அப்பணியைத் தாமஸிடம் ஒப்புவித்தனர். ரோல்ஸ் ராய்ஸ் வண்டிக்கு ஈடாக நிற்கவல்ல ஒன்றைச் செய்யவேண்டுமென்பது அவர்கள் நோக்கம். ரீட் ரெயில்டன் என்னும் இளம் பொறியாளர் அவருக்கு உதவியாளராய் அமைந்தார்.

அவ்வாறு பிறந்ததே லேலண்ட் எட்டு என்னும் வண்டி. 1920ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பியாக் காட்சியில் அது வெளிவந்தது. ஒரே வரிசையில் எட்டுச் சிலிண்டர்கள் அமைந்த, ஏறக்குறைய 7 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சினை அது உடையது. வால்வுகளைத் திறக்கும் தண்டு சிலிண்டர்களின் தலைமேலேயே ஓடிற்று. வால்வுகளை மூடுவதற்குச் சுருள்வில்லைக் கொள்ளாமல் பட்டைவில்லைக் கொண்டார் தாமஸ். வண்டியின் விற்களுக்குத் துணையாக முறுக்குத்தண்டு அமைத்தார். பிரேக்கை அழுத்துவோர் காலுக்கு வெற்றிடத்தின் இழுவிசை துணைபுரியுமாறு செய்தார். இவற்றுட் பல, பிற வண்டிகளிற் பரவுவதற்கு ஆண்டுகள் பல சென்றன.

அவ்வண்டியின் சிறப்பு இவ்வுறுப்புக்களுள் எதிலும் தனியே இருந்ததன்று. எஞ்சின் இவ்வளவு இழுக்கும் என்பதை அறிந்து சட்டம் வகுக்கப்பட்டது. சட்டம் இவ்வளவு தாங்கும் என்பதை அறிந்து விற்கள் வகுக்கப்பட்டன. வேகம் இவ்வளவாகும் என்பதை அறிந்து பிரேக்கு வகுக்கப்பட்டது. ஒரே மனத்தில் தோன்றிய காரணத்தால் ஒவ்வோர் உறுப்பும் மற்ற உறுப்பை அறிந்திருந்தது. முதற்படைப்பு என்று நாம் மதித்துப் பேசுவதன் பொருள் இதுவேயாகும். எஞ்சின்மீது பொறித்த எண்ணும் சட்டத்தின்மீது பொறித்த எண்ணும் கம்பெனி ஏட்டோடு ஒத்திருத்தல் அதன் அடையாளம். உறுப்புக்கள் ஒன்றையொன்று அறிந்திருத்தல் அதன் உயிர்.

ஆனால், சிறந்த பொருளெல்லாம் சந்தையில் விலைபோவதில்லை. லேலண்ட் எட்டு மிக்க விலையுடையது. போருக்குப் பின்னரோ வாணிகம் குன்றியிருந்தது. ஏறக்குறைய 18 வண்டிகளே கட்டப்பெற்றன. அதனோடு கம்பெனியார் அம்முயற்சியை நிறுத்திவிட்டனர். தாமஸும் உயர்ந்த உத்தியோகத்தை விட்டு விலகினார். வண்டி விலைபோகவில்லையேயன்றி, அதிலிருந்த கருத்து தோற்கவில்லை என்பதைப் பந்தய வெளியிலே நாட்டுவதென்று அவர் துணிந்தார்.

சர்ரே மாநிலத்தில் வேபிரிட்ஜ் நகரையடுத்து 1907ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புரூக்லாண்ட்ஸ் என்னும் பந்தயச் சாலை அக்காலத்தில் உலகப் புகழ் வாய்ந்தது. காங்கிரீட்டினால் இயன்ற அச்சாலையின் சுற்று 2¾ மைல். வளைவுகளில் வண்டி வெளியே சறுக்கிவிடாதபடி, சாலையின் புறவிளிம்பு கரைபோல் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. அச்சாலையின் உட்புறத்தேயே சிறு இல்லமொன்றில் தாமஸ் குடியேறினார். துறவியின் குடில் என்று பொருள்படும் பெயர் அவ்வில்லத்துக்கு வழங்கிற்று. பெயருக்கேற்ப, அவர் மணம் புரியாமலே தனித்து வாழ்ந்தார். பல நிறம் விரவிய கம்பளிச் சட்டையோடு பட்டறையில் நாளெல்லாம் உழைப்பதும், உழைத்துச் செய்ததை மறுநாள் சாலையில் ஓட்டிப் பார்ப்பதுமே அவருக்கு வாழ்க்கையாயிற்று. லேலண்ட் எட்டு வண்டியின் மேற்கூட்டைக் களைந்து, பந்தயத்துக்கேற்பத் திருத்தி, லேலண்ட் தாமஸ் என்னும் பெயரோடு ஓட்டி வெற்றி மேல் வெற்றி பெற்றார்.

அதே புரூக்லாண்ட்ஸில் அந்நாளில் வேறொரு வழக்கமும் பரவியிருந்தது. உலகப்போருக்கென்று ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்ட ஆகாய விமான எஞ்சின்கள், போர் முடிந்ததும் வேலையின்றிக் கிடந்தன. புதிய பந்தய எஞ்சின் ஒன்றை வகுத்துச் செய்வதாயின் பெரும்பொருள் வேண்டும். விமான எஞ்சினோ சிறுவிலைக்குக் கிடைத்தது. எனவே, பழைய பெரிய வண்டியொன்றின் சட்டத்தை எடுத்து, அதன் எஞ்சினை அகற்றிவிட்டு, விமான எஞ்சினை அவ்விடத்திலே ஏற்றுவோர் பலராயினர். செல்வத்திற் சிறந்த லூயி ஸ்பொரோவ்ஸ்கி பிரபு, 1921ஆம் ஆண்டில் பழைய மெர்ஸிடிஸ் சட்டமொன்றின்மீது 23 லிட்டர் கொள்ளளவுள்ள மேபாக் விமான எஞ்சினை ஏற்றிச் சிட்டி பாங் பாங் எனப் பெயரிட்டு ஓட்டினார். அப்பெயர் பின்னாளிற் சிறுவர் கதையொன்றிலும் நுழைந்து நிலைத்துவிட்டது.

இவ்வகை வண்டிகளுள் மிக்க பேர்பெற்றது எர்னஸ்ட் எல்டிரிட்ஜ் என்பவர் கட்டியது. 1908ஆம் ஆண்டைச் சேர்ந்த பியட் பந்தய வண்டியொன்றின் எஞ்சின் புரூக்லாண்ட்ஸில் ஓடும்போது வெடித்துச் சிதறிற்று. பயனற்றதென்று கருதப்பட்ட அவ்வண்டியை எல்டிரிட்ஜ் வாங்கினார். அதன் சட்டம் விமான எஞ்சினை ஏற்கப் போதிய நீளமுடையதன்று. ஆகவே இலண்டன் பஸ் ஒன்றின் சட்டத்தினின்றும் எடுத்த பகுதிகளைக் கொண்டு அதை நீட்டினார். பின்னர் 21.7 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் உள்ள பியட் விமான எஞ்சினை அதன்மீது ஏற்றினார். புகையும் நெருப்பும் பேரோசையும் உமிழ்ந்து வந்த அவ்வண்டிக்கு, பவுஸ்டு கதையில் வரும் பிசாசின் பெயரான மெபிஸ்டோபிலிஸ் என்பது பெயராயிற்று. 1924ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரான்சு தேசத்து அர்ப்பஜோன் நகரச் சாலையில் அது உலக வேகச் சாதனைக்கு முயன்றபோது, பின்னோக்கிச் செல்லும் கியர் அதற்கு இல்லையென்று எதிர்தரப்பினர் வாதித்தனர், அம்முயற்சி தள்ளப்பட்டது. எல்டிரிட்ஜ் சோர்ந்து போகவில்லை. குறையைச் சில நாட்களில் நிரப்பிக்கொண்டு மீண்டும் வந்து, மணிக்கு 146 மைல் வேகத்தில் ஓட்டி, உலகச் சாதனையைக் கைக்கொண்டார்.

உறுப்புக்களெல்லாம் ஒரே மனத்தில் தோன்றிய வண்டி ஒருபுறம். மூன்று இடங்களிலிருந்து வந்த உறுப்புக்களைச் சேர்த்துக் கட்டிய வண்டி மறுபுறம். இவை ஒன்றையொன்று எதிர்க்கும் நாளும் வந்தது. 1925ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11ஆம் தேதி புரூக்லாண்ட்ஸில் தாமஸுக்கும் எல்டிரிட்ஜுக்கும் தனிப்பந்தயம் நடைபெற்றது. கொள்ளளவை நோக்கின், மெபிஸ்டோபிலிஸ் தாமஸின் வண்டியைப்போல் மும்மடங்கு பெரியது. முதலில் முந்திச் சென்றதும் அதுவே. ஆனால் உயர்ந்த கரைகளின்மீது அப்பெருவண்டி அலைந்து துள்ளிற்று. எல்டிரிட்ஜின் அஞ்சாமையும் கைவன்மையுமே அதை நேர்வழியில் நிறுத்தின. லேலண்ட் தாமஸோ தன் நெறி பிறழாமற் பின்தொடர்ந்து, முடிவில் அதை முந்தி, சராசரி மணிக்கு 123 மைல் வேகத்தில் வெற்றி பெற்றது. புரூக்லாண்ட்ஸ் கண்ட தனிப்பந்தயங்களுட் சிறந்தது இதுவென்று எண்ணுவோர் பலர்.

இதனோடு சரிதம் முடிந்திருப்பின், முதற்படைப்பைப் போற்றுவோர் கட்சியே வென்றதென்று நாம் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டே தாமஸ் மறு கட்சியிற் போய்ச் சேர்ந்தார். காரணம் வெளிப்படை. பந்தயச் சாலையில் வெல்லுவது வேறு. நேர்கோட்டில் உலகிலேயே விரைந்த மனிதராவது வேறு. பின்னதற்குத் தம் 7 லிட்டர் எஞ்சின் போதாதென்பதை அவர் அறிவார். பேரெஞ்சின் ஒன்றைப் புதிதாய்ச் செய்யவோ அவரிடம் பொருளில்லை. அரசரும் பெருங்கம்பெனியாரும் அவர் பின் நிற்கவில்லை.

ஸ்பொரோவ்ஸ்கி பிரபு கட்டிய மற்றொரு வண்டி அப்போது உரிமையாளரின்றிக் கிடந்தது. அப்பிரபு 1924ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இத்தாலி தேசத்து மோன்ஸாப் பந்தயத்தில் உயிரிழந்தார். கேண்டர்பரிக்கு அருகிலுள்ள அவரது ஹைஹாம் மாளிகையிற் கட்டப்பட்ட அவ்வண்டி ஹைஹாம் ஸ்பெஷல் எனப்பட்டது. அதன் எஞ்சின், 1917ஆம் ஆண்டில் அமெரிக்க அரசினர் போர் விமானங்களுக்கென்று வகுப்பித்த லிபர்ட்டி எஞ்சின், சிலிண்டர்கள் 12, கொள்ளளவு 27 லிட்டர், ஆற்றல் 400 குதிரைச் சக்திக்கு மேற்பட்டது. அதன் கியர்ப்பெட்டியோ உலகப்போருக்கு முன்னைய பென்ஸ் வண்டியொன்றினது. கியர்ப்பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டுசென்றவை இருபுறத்தும் ஓடிய இரும்புச் சங்கிலிகள். தாமஸ் இவ்வண்டியை 125 பவுன் கொடுத்து வாங்கினார்.

வாங்கியவர் அதை வாங்கியபடியே வைத்திருக்கவில்லை. எஞ்சினைப் பிரித்துத் தாமே வகுத்த பிஸ்டன்களை அமைத்தார். நான்கு கார்புரேட்டர்களைப் பொருத்தினார். காற்றின் எதிர்ப்புக் குறையுமாறு மேற்கூட்டைத் திருத்தினார். அதற்குப் பாப்ஸ் என்று பெண்பெயரிட்டு அழைத்தார். பழைய கியர்ப்பெட்டியையும் சங்கிலிகளையும் மாத்திரம் இருந்தவாறே விட்டுவிட்டார். ஆற்றலைக் கொண்டுசெல்லும் கலையில் வல்லவர், அப்பகுதியையே பழைய நிலையில் விட நேர்ந்தது. முழுவதையும் புதுக்கப் பொருள் வேண்டும், காலமும் வேண்டும், இரண்டும் அவரிடத்தில் மிகுதியாயில்லை.

தென்வேல்ஸில் கார்மார்தன் மாநிலத்துக் கடற்கரையிற் பெண்டைன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே கடல் வற்றிய வேளையில் ஏறக்குறைய 7 மைல் நீளத்துக்கு மணல் இறுகிப் பலகைபோற் கிடக்கும். 1926ஆம் ஆண்டு ஏப்பிரல் மாத இறுதியில் தாமஸ் அங்குச் சென்றார். அப்போது ஹென்றி சீகிரேவ் என்பார் அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாட்டிய மணிக்கு 152.33 மைல் என்பதே உலகச் சாதனை. 27ஆம் தேதி தாமஸ் 169 மைலை எட்டினார். மறுநாள் 171.02 மைலை எட்டினார். ஒரு மைல் அரை மைலாகச் சாதனைகள் உயர்ந்துவந்த அந்நாளில், ஒரே தாவாக 18 மைலுக்கு மேல் உயர்த்தியது உலகத்தை வியப்பில் ஆழ்த்திற்று. 125 பவுனுக்கு வாங்கிய மாற்றெஞ்சின் வண்டி, பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய வண்டிகளைப் பின்னிடச் செய்தது.

ஆனால் அப்புகழ் ஓராண்டும் நிற்கவில்லை. மால்கம் காம்பெல் என்பவர் நீலப்பறவை என்னும் வண்டியில் 1927ஆம் ஆண்டு பிப்பிரவரி மாதம் 4ஆம் தேதி அதே பெண்டைன் மணலில் ஓட்டி, 174 மைலைக் கடந்தார். காம்பெலின் வண்டியிலும் நேப்பியர் லயன் என்னும் விமான எஞ்சினே இருந்தது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அவ்வெஞ்சினை ஏற்பதற்கென்றே அவ்வண்டி அடியிலிருந்து வகுக்கப்பட்டது. சீகிரேவோ இரண்டு விமான எஞ்சின்கள் பூட்டிய புதிய வண்டியொன்றோடு அமெரிக்கா செல்ல ஆயத்தமாயிருந்தார். அவ்வண்டியும் புதிதாய் வகுத்ததே. அவர் சாதனை நாட்டிவிட்டால் பாப்ஸ் அதை எட்டுவதரிது. ஆகவே தாமஸ் காலந்தாழ்க்க இயலவில்லை.

1927ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆம் தேதி அவர் பெண்டைனில் மீண்டும் பாப்ஸைச் செலுத்தினார். சளிக்காய்ச்சலால் நலிந்திருந்த உடம்பு இன்னும் தேறாத நிலையிலேயே அவர் வந்திருந்தார். வண்டி பெருவேகத்தில் ஓடுகையில் திடீரென நிலைதவறிப் புரண்டு சுழன்றது. தாமஸ் தலையிற் கொடுங்காயமுற்று அக்கணமே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 42. நிலத்திலே வேகச் சாதனையை நாடி உயிரிழந்த ஓட்டுநர்களுள் முதல்வர் அவரே. அவர் வாழ்ந்து உழைத்த புரூக்லாண்ட்ஸுக்கு அணித்தான பைபிளீட் ஊர்த் தேவாலயத்து முற்றத்தில் அவருடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. அந்த மாத இறுதியிலேயே, 29ஆம் தேதி, சீகிரேவ் அமெரிக்காவின் டேடோனாக் கடற்கரையில் மணிக்கு 203 மைலைக் கடந்தார்.

வலப்புறத்துச் சங்கிலி அறுந்து அவர் தலையைத் தாக்கியதென்று நெடுநாள் நம்பப்பட்டது. பின்னாளில் வண்டியின் எச்சங்களை ஆராய்ந்தோர், பின்புறத்து வலச் சக்கரம் முதலிற் சிதைந்திருக்கலாமென்றும் கருதினர். இவ்விரண்டனுள் எது உண்மையாயினும், முடிந்த பொருள் ஒன்றே. எஞ்சின் பழுதுபடவில்லை. எஞ்சின் தந்த ஆற்றலைத் தாங்கி நிலத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டிய உறுப்பே பழுதுபட்டது. பழந்துருத்தியிற் புதிய ரசம் வார்ப்பது பற்றிய வேத உவமையை நம் வாசகர் நன்கறிவர். துருத்தி கிழிவது ரசத்தின் குற்றமன்று. ரசத்தின் வீறு இன்னதென்று துருத்தி அறியாமையே காரணம். எஞ்சினை மாற்றுவோர் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே சிந்திக்கின்றனர். அது கூட்டினுள் அடங்குமா, இத்தனை குதிரைச் சக்தி தருமா என்று கேட்கின்றனர். கியர்ப்பெட்டி அதைத் தாங்குமா, அச்சுத் தாங்குமா, ரேடியேட்டர் அதன் வெப்பத்தை ஆற்றுமா, முன்புறம் கனத்தமையாற் சுக்கான் கைக்கு அடங்குமா, பிரேக்கு அவ்வேகத்தை நிறுத்துமா என்னும் கேள்விகள் பின்னரே எழுகின்றன, சிலருக்கு எழுவதேயில்லை.

மரண விசாரணை முடிந்ததும், நண்பர்கள் பாப்ஸை வேறெவரும் ஓட்டலாகாதென்று எண்ணிப் பெண்டைன் மணற்குன்றிற் குழிதோண்டிப் புதைத்துவிட்டனர். தாமஸின் பணியோ புதைபடவில்லை. அவர் தோழர்கள் புரூக்லாண்ட்ஸில் தாம்ஸன் அண்ட் டெயிலர் என்னும் பெயரோடு பட்டறையை நடத்தினர். பழைய உதவியாளரான ரீட் ரெயில்டன் அங்கே வண்டிகளை வகுத்தார். ஜான் காப் என்பவருக்காக 1933ஆம் ஆண்டில் அவர் வகுத்த நேப்பியர் ரெயில்டன் என்னும் வண்டியும் ஏறக்குறைய 24 லிட்டர் விமான எஞ்சினை உடையதே. ஆனால் சட்டம், அச்சு, விற்கள் அனைத்தும் அவ்வெஞ்சினை நோக்கியே வகுக்கப்பட்டவை. 1935ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அது புரூக்லாண்ட்ஸ் புறச்சுற்றை மணிக்கு 143.44 மைல் வேகத்திற் சுற்றி வந்தது. அச்சாலை மூடப்படும்வரை அதை வென்றார் எவருமில்லை. பின்னர் ரெயில்டன் வகுத்த மற்றொரு வண்டியில், இரண்டு நேப்பியர் லயன் எஞ்சின்களோடு, காப் 1947ஆம் ஆண்டில் மணிக்கு 394 மைல் வேகத்தை எட்டினார். பிறிதோர் எஞ்சினைக் கொள்ளலாகாதென்று ஆசிரியர் வாழ்க்கை மாணாக்கர்க்குக் கற்பிக்கவில்லை. கொண்டால் மற்றவற்றையெல்லாம் அதற்கேற்ப வகுக்கவேண்டுமென்றே கற்பித்தது.

இனிச் சரிதத்தின் கடைப்பகுதியைச் சொல்லவேண்டும். 42 ஆண்டுகள் மணலுள் உறங்கிய பாப்ஸை, 1969ஆம் ஆண்டில் ஓவன் வின் ஓவன் என்பவர் தோண்டியெடுத்தார். வடவேல்ஸிலுள்ள பாங்கர் நகரத் தொழிற்கல்லூரியில் அவர் ஆசிரியர். உப்பு நீரும் மணலும் அரித்த அவ்வண்டியைக் கண்டோர், இது வெறும் இரும்புத் துரு என்றே சொல்லியிருப்பர். ஓவன் அதைத் தம்மூருக்குக் கொண்டுசென்று பல ஆண்டுகள் உழைத்தார். பிழைத்த உறுப்புக்களைக் காத்தும், அழிந்தவற்றை அவற்றின் அடையாளம் பற்றிப் புதிதாய்ச் செய்தும், அதே வகை லிபர்ட்டி எஞ்சினையே மீண்டும் முழங்கச் செய்தார். பாப்ஸ் இன்று பொதுமக்கள் கண்டு வியக்கும் காட்சிப்பொருளாய் விளங்குகின்றது.

இங்கேதான் நாம் தொடக்கத்திற் கூறிய வழக்கு மீண்டும் எழுகின்றது. பாப்ஸுக்கு முதற்படைப்பு எது? அதன் எஞ்சின் விமானத்துக்கென்று செய்தது, கியர்ப்பெட்டி வேறொரு வண்டியினது, கட்டியவர் ஒருவர், திருத்தியவர் மற்றொருவர். ஆயினும் அதில் இன்று வேறோர் எஞ்சினைப் பொருத்தலாமென்று ஒருவர் சொல்வாராயின், நாம் அதைப் பொறுப்போமா? பொறோம். அவ்வொவ்வாமையே அதன் சரித்திரம். அவ்வெஞ்சினோடுதான் ஒரு மனிதர் புகழெய்தினார், அவ்வெஞ்சினோடுதான் இறந்தார். ஓவன் தம் கல்வி வன்மையால் அச்சங்கிலிகளைக் களைந்து சிறந்த முறையொன்றை அமைத்திருக்கலாம். அவ்வாறு செய்தாரல்லர். ஆசிரியராகிய அவர், பாடத்தைத் திருத்துவதினும் உள்ளவாறு காட்டுவதே கடமையென்று கொண்டார் போலும். மெபிஸ்டோபிலிஸும் எல்டிரிட்ஜ் கட்டியவாறே இத்தாலியில் பியட் கம்பெனியாரின் பாதுகாப்பிற் சேர்ந்தது. 1908ஆம் ஆண்டின் எஞ்சினை அதில் மீண்டும் வைக்கவேண்டுமென்று எவரும் வற்புறுத்தவில்லை.

தாமஸ் தம் உள்ளத்தை முழுதும் வைத்துச் செய்த லேலண்ட் எட்டு வண்டியின் நிலையோ வேறு. விற்ற வண்டிகள் காலப்போக்கில் அழிந்தன. இன்று அவ்வினத்திற்குச் சான்றாக எஞ்சி நிற்பது, உதிரியாய்க் கிடந்த உறுப்புக்களைக் கொண்டு பின்னாளிற் சேர்த்துக் கட்டியது. குறைவற்ற படைப்பைக் காப்பாற்ற எண்ணியவர் அந்நாளில் இல்லை. பலவற்றைச் சேர்த்துக் கட்டிய வண்டியை, அதன் துயரம் காரணமாக உலகம் மறவாது தோண்டியெடுத்தது.

ஆதலின், பழைய வண்டியைக் கையிற் பெற்றவர் செய்யவேண்டுவன இரண்டு என்று இச்சரிதத்தால் நமக்குத் தோன்றுகின்றது. முதலாவது, இவ்வண்டி எதன் சாட்சி என்று தம்மைத் தாமே கேட்டல். ஒரு மனத்தின் முழுப் படைப்புக்கு அது சாட்சியாயின், அல்லது அவ்வினத்தில் எஞ்சியது அதுவொன்றேயாயின், அதன் எஞ்சினைத் தேய்ந்ததென்று எறிந்துவிடுதல், ஏட்டுச்சுவடியின் நடுவிதழைக் கிழித்து வெற்றிதழைக் கோப்பதை ஒக்கும். ஆயிரத்துள் ஒன்றாயின், ஓடும் பொருட்டு மாற்றுதல் பெருங்குற்றமாகாது. அப்போதும் பழைய எஞ்சினை எண்ணெய் பூசிப் போர்த்து வைப்பதும், சட்டத்தை வெட்டாமலும் துளையிடாமலும் மாற்றுவதும் நலம். பின்வருவோர் வேண்டின் பழைய நிலைக்குத் திரும்ப வழியிருத்தல் வேண்டும். இரண்டாவது, மாற்றத் துணிந்தால் முழுதும் மாற்றத் துணிதல். ஆற்றலைப் புதுக்கி, அதைத் தாங்கும் உறுப்புக்களைப் பழமையில் விடுவது, பாப்ஸ் கற்பித்த பாடத்தைப் படியாமையேயாகும்.

கல்லூரி மாணாக்கர்க்கு இது வண்டியளவில் நிற்கும் பாடமன்று. பிறர் செய்த பேரெஞ்சின்களைப் போன்ற கருத்துக்களையும் கலைகளையும் நாம் நாள்தோறும் நம்முள் ஏற்றுகின்றோம். ஏற்பது தவறன்று. ஆயின், அவற்றின் வீற்றைத் தாங்கும்படி நம் ஒழுக்கமும் உழைப்பும் அமைந்துள்ளனவோ என்று முதலில் நோக்குவோமாக. அஞ்சா நெஞ்சும் அருங்கைத்திறனும் ஒருங்கே பெற்றிருந்த பாரி தாமஸின் 42 ஆண்டு வாழ்க்கை நமக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கை இதுவேயாகும்.